விடாத வெல்டிங்

கைலாசபுரத்தில் பீமராவ் வைத்த வெல்டிங் விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. பாய்லர் குழாய்களை ஒட்டிப் பழகிய கை. அவர் மகள் ஜோதி மன்னார்புரத்தில் ஒரு தற்காப்புக் கலைப் பள்ளியில் படித்தாள். வேகமாகச் சுழலும் கம்புகளுக்கு நடுவே குனிந்தும் தாவியும் ஓடுவது அங்கே ஒரு பயிற்சி. ஆள்மேல் பட்டால் ஒடியட்டும் என்றுதான் மாஸ்டர் மெல்லிய மூங்கிலைக் கட்டியிருந்தார். அது அடிக்கடி ஒடிவது பீமராவுக்குப் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையாங்க? இரும்புக் குழாய்ல போட்டுத் தரேன். யானை மோதினாலும் அசையாது."

மாஸ்டரும் தலையாட்டித் தொலைத்தார்.

முதல் நாளே குழாய் ஜோதியின் முதுகெலும்பில் அடித்தது. பீமராவ் ஓடிவந்தார். பாழாய்ப்போன அந்தக் கை, மகளைத் தூக்குமுன் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தது. விடவில்லை.

ஜோதி இனி நடக்கமாட்டாள். நேற்று கேட்டாள்: "மூங்கிலா இருந்தா ஒடிஞ்சிருக்கும்லப்பா?"

அவளுடைய சக்கர நாற்காலியின் கால்மிதி கழன்றுவிட்டது. பீமராவ் அதை வேறொரு வெல்டரின் பட்டறைக்குத் தூக்கிப்போய் நின்றார்.

"ரொம்பக் கெட்டியா வைக்காதீங்க" என்றார்.