அட்டையை நம்பாத அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலருக்கு அவரைப் பற்றி ஒரு சந்தேகம் உண்டு. யாரும் எங்களிடம் நேரில் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியது மகளின் கடமை என்று நினைக்கிறேன்.

அப்பா தேவதானத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, இராஜபாளையத்துக்கு நூற்பாலை வேலைக்கு வந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமல் விடாமல் பிடித்தபோது, ஆலையை விட்டு மைக் செட் வைத்தார். சொன்ன நேரத்துக்கு முன்பே போய்க் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிடுவார். துக்க வீட்டில் வாடகை கேட்டதில்லை.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தாய்மாமா தம் மகளுக்குப் பூப்புச் சடங்கு வைத்தார். அன்று காலையில் வாங்கிய புது ஆல்பத்தை அப்பா போட்டார். முதலில் மேளம் மட்டும் ஒலித்தது. அடுத்து வந்தது ஒப்பாரி. பந்தலே எழுந்து நின்றுவிட்டது. அப்பா ஓடிப் போய் நிறுத்தினார்.

மாமா அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். “ஒப்பாரின்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கு. படிக்காமலா போட்டாரு? எம்புள்ள சடங்குல வேணும்னே செஞ்சுட்டாரு மாப்ள.”

அப்பா மறுக்கவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அதை நம்பினார்கள். அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று.

அதன்பின் அப்பா கேட்டுப் பார்க்காத எந்த ஆல்பத்தையும் விசேஷ வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. பழைய இசைத்தட்டு, கேசட், சிடி என்று மாதம் நாலைந்து வாங்கிவிடுவார். ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் அவற்றுக்கு விசாரணை நடக்கும். நையாண்டி மேளம், ஷெனாய், மாதா கோயில் பாட்டு, வெள்ளைக்காரர்களின் கிதார் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் சமமாகச் சந்தேகப்பட்டார்.

“முதப் பாட்ட நம்பாத. நல்ல தக்காளியத்தான் மேல அடுக்கியிருப்பான். மூணாவதப் போடு.”

துள்ளிசை சேர்த்த ஒரு பக்திப் பாடலைக் கேட்டுவிட்டு, “இவன் சாமியக் கூப்பிடுதானா, ஆட்டத்துக்கு ஆளக் கூப்பிடுதானா?” என்றார். சாக்ஸபோன் ஆல்பம் ஒன்று எனக்குச் சலிப்பாக இருந்தது. அப்பா தலையாட்டினார். “மூச்சு வாங்குறது கேக்கு பாரு. அவன் அத மறைக்கல. இவன நம்பலாம்.”

அம்மா அடுப்படியிலிருந்து, “ஒங்க விசாரணையில தப்பிச்சவன் எவன் இருக்கான்?” என்பார்.

கேட்பதற்கு முன் அட்டையை என்னிடம் நீட்டுவார். “ஏட்டி, வாசி. ஒம் படிப்பு எம்புட்டுன்னு பாப்போம்.” எங்கள் வீட்டில் முறையாகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெருமையாக, உரக்க வாசிப்பேன். கல்லூரி முடிக்கும்போதும் அதே பரீட்சை தொடர்ந்தது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலின் தனி இசை ஒன்று வாங்கி வந்தார். அட்டையில் எழுத்து மட்டும்தான், படமில்லை. நான் வேண்டுமென்றே “நாதஸ்வரம்” என்று வாசித்தேன். அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். “ஆமா. அப்படித்தான் போட்டுருக்கான்” என்றார்.

வயலின் ஒலித்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. முழுப் பாட்டும் முடிந்தபின் அவரே பேசினார்.

“இன்னைக்கு நீ எனக்குப் பரீட்சை வச்சுட்ட.”

“அன்னைக்குச் சடங்கு வீட்டுல என்னப்பா நடந்துச்சு?”

“படத்துல பொம்பளைக வட்டமா நின்னு குனிஞ்சு கைய வீசுறாக. கும்மின்னு நெனச்சேன். அவுக மாரடிச்சுக்கிட்டு இருந்துருக்காக.”

“மாமாகிட்டச் சொல்லியிருக்கலாம்லப்பா?”

“வேணும்னு செஞ்சவன்னு சொன்னா பகையாளியா மதிப்பாக. எழுத்து தெரியாதவன்னு சொன்னா...” அட்டையைக் கவிழ்த்து வைத்தார். “நான் இருக்குற மட்டும் வெளிய சொல்லாத.”

அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். அண்ணனா, கணவரின் மானமா என்று வந்தபோது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

அப்பா மூச்சுத் திணறலில் மருத்துவமனையில் இருபது நாள் கிடந்தார். மாமா வரவில்லை. இறுதி ஊர்வலத்தின்போது தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினார். பதினாறாம் நாள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். அது வருமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா கேட்டனுப்பவும் விடவில்லை.

நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா நம்பவில்லை.

“காலேஜ் படிச்ச புள்ள, நல்லாத்தான் கதை கட்டுத. சேலைக்காகச் சொல்லுதியா?”

“நீங்க ரெண்டு பேரும் சேந்து பாட்டுக் கேட்ட காலத்துல அட்டைய யாரு மாமா வாசிச்சது?”

“நாந்தான். மாப்ள கண்ணாடிய மறந்துட்டு வந்துருவாரு.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவரே கேட்டார்: “ஏட்டி, ஒங்கப்பன் என்னைக்குக் கண்ணாடி போட்டாரு?”

பதினாறாம் நாள் மாமா கோடியோடு வந்தார். அம்மா சேலையை உடனே வாங்கவில்லை. “படிச்சவுக நீங்க. ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லண்ணே” என்றார். மாமா நீட்டிய கையை மடக்கவில்லை. அதன்பிறகே அம்மா வாங்கிக்கொண்டார்.

அப்பாவைக் கவனித்த செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்தன்று தொழிலை நிறுத்திவிட்டு வந்த மைக் செட் நண்பர்களுக்கும், வத்திராயிருப்பிலிருந்து முதல் பேருந்தில் வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. மாமாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகுமுன் இக்கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான். சடங்கு வீட்டில் தாம் பேசியது வந்த இடத்தில் அடுத்த பத்திக்குத் தாவினார்.

“எதையோ விட்டுட்டு வாசிக்கீக” என்றார் அம்மா.

மாமா திரும்பப் போய், தாம் சொன்ன சொல்லைத் தம் வாயாலேயே வாசித்தார்.