மகளின் வாய்க்குழாய்

சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் சுழியோட வருபவர்களிடம் நிரப்பக் கொடுக்கும் படிவத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பத்துக்கு உண்மையை எழுதினேன். நீச்சல் தெரியுமா என்ற ஏழாவது கேள்விக்கு மட்டும் 'ஓம்' என்று எழுதினேன்.

ஐம்பத்திரண்டு வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நீந்தத் தெரியாது. பழக வேண்டிய வயதில் யுத்தத்தால் கடற்கரையில் முட்கம்பி இருந்தது. அது போன பிறகு, சின்னப் பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று பழக வெட்கமாக இருந்தது. காதில் தண்ணீர் போனால் ஒத்துக்கொள்ளாது என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் விடுமுறையில் வந்திருந்தாள். கடலுக்குள் இரண்டு தரம் இறங்குவது அவளுடைய ஆசை. நான் வள்ளத்தில் இருந்து பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. நிலாவெளிக் கரையில், சுழியோடக் கூட்டிப்போகும் பயிற்சியாளர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"திருகோணமலை ஆள் வள்ளத்தில குந்தியிருந்து பார்க்கப் போறீங்களோ ஐயா? வெள்ளைக்காரக் கிழவிமாரே இறங்குதுகள்."

அதற்குப் பிறகுதான் நானும் ஒரு படிவம் கேட்டேன்.

முதலில் ஆழமில்லாத தண்ணீரில் அரை மணிநேரம் பழக்கினார். மூச்சுக்காற்றுக்காக வாயில் கடித்திருக்கும் குழாய் கழன்றால் எப்படித் தேடிப் போடுவது என்பதை மகள் மூன்று தரம் சரியாகச் செய்தாள். பிறகு வள்ளத்தில் புறாமலைத் தீவுக்குப் போய், பத்தே காலுக்கு இறங்கினோம். பயிற்சியாளர் எனக்கு இடப்பக்கம், மகள் வலப்பக்கம். ஐந்து மீற்றர் ஆழம். முருகைக்கற்களான பவளப்பாறைகளுக்கு மேலே கிளிமீன்கள் கொத்திக்கொண்டு திரிந்தன. அவை கல்லைக் கடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவ்வளவுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மூக்கால் இழுத்துவிட்டேன். கீழே கால் வைக்க இடமில்லை. பயிற்சியாளர் எதையோ காட்ட முன்னால் திரும்பியிருந்தார். நான் வலப்பக்கம் கை நீட்டி, அகப்பட்டதைப் பிடித்து இழுத்தேன். அது மகளின் குழாய். அவளுடைய வாயிலிருந்து கழன்று வந்தது. அவளுடைய கண்களைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நான் கையை விடவில்லை. அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, குழாயை எடுத்து வாயில் வைத்தாள். பயிற்சியாளர் திரும்பியபோது அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்தார்.

வள்ளத்தில் அவர் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, குழாயைத் துப்பிப்போட்டீங்களோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓம். என்ர பிழைதான்."

"அப்ப ரெண்டாம் தரம் உங்களைக் கொண்டுபோக ஏலாது. குறை நினைக்காதேங்கோ."

எனக்கு ஒரு தரம் போதும் என்றேன். வள்ளத்தில் எங்களோடு வந்திருந்த மற்ற நான்கு பேர் இரண்டாம் தரம் இறங்கினார்கள். நாற்பது நிமிடம் அவள் வள்ளத்தின் விளிம்பில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். வள்ளக்காரர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

கரையில், பயிற்சியாளர் சிலிண்டர்களை இறக்கும்போதுதான் சொன்னேன்.

"தம்பி, குழாயைப் பிடிச்சு இழுத்தது நான்."

அவர் சிலிண்டரை மணலில் வைத்தார்.

"ஐயா, இதை அங்கை சொல்லியிருந்தா பிள்ளையைக் கொண்டுபோயிருப்பனே."

பின்னால் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்:

"நீச்சல் தெரியாது என்டதையும் சொல்லுங்கோ, அப்பா."

எப்போது கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை. அதையும் சொன்னேன். பயிற்சியாளர் அலுவலகத்துக்குள் போய் என் படிவத்தையும் பேனையையும் கொண்டுவந்து தந்தார். ஏழாவது கேள்வியில் 'ஓம்' என்பதை வெட்டி 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். என் ஈரக்கை பட்டுத் தாள் நனைந்தது.

அடுத்த நாள் காலை மகளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இன்னொரு தரம் வரும்போது இறங்கலாம் என்றேன். "பார்ப்பம், அப்பா," என்றாள்.