ரேம் போடக் காலி இடம்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம் அது. ராபர்ட்சன்பேட்டையில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகையும் பேனரும் வடிவமைக்கும் ஒரு பெண்மணி, புதுக் கம்ப்யூட்டர் கேட்டு ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வந்தார். விரல் நகமெல்லாம் மை. பிடிக்காத பொருளை ஒற்றை விரலால் தள்ளிவிடுவார்.

நான் எடுத்து வைத்த சின்ன மதர்போர்டும் அப்படித்தான் என்னிடம் திரும்பி வந்தது.

“பின்னால எதுவும் சேக்க முடியாதே. இன்னாத்துக்கு இது?”

“ஊரே காலியாவுது அக்கா. நீங்க கிளம்பறப்போ இத விக்கறது சுலபம்.”

“யாரு கிளம்பறது? பெரிய போர்டு குடு தம்பி. பிராசஸர் இப்போதைக்குச் சின்னது போதும், அப்பறம் பெருசு மாத்திக்கறேன். ரேம் போடற எடம் காலியா இருக்கட்டும், ஒண்ணொண்ணா ரொப்புவேன்.”

அப்போதுதான் சுவரோரம் நான் கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்தார்.

“ஓ, நீ போறியா? போ. ரேமுக்கு பெங்களூருக்கே வந்து உன்னப் புடிப்பேன்.”

அந்த வகை ரேம் இப்போது வரும் கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. ஆனாலும் என் பெங்களூர் கடையில் இரண்டு வைத்திருக்கிறேன். அவர் வந்து நின்றால், இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.