நாற்பத்திரண்டாவது பெயர்

கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை, தபால் பையின் வாரைத் தைத்தது. 1927 ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. அப்பா தோலை முழங்காலில் வைத்து இழுத்துப் பிடித்தார். நான் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலைக் கோத்தேன். இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு துளை. துளைகளை அடிக்கோல் வைத்துக் குறித்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"பைக்குமா பிளான் போடணும்?"

"நேரா இருந்தாத்தான் பாரம் தாங்கும்பா."

"தாங்கட்டும். இந்த மாசம் நெறய நடக்க வேண்டியிருக்கு."

எங்கே என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் பெயர் மத்தேயு. மடுல்சீமைப் பக்கம் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தின் தபால்காரர். காலையில் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பியதும் துரையின் கடிதங்களை வாங்கிக்கொண்டு பசறைக்கு இறங்குவார். மாலையில் வந்த தபாலோடு ஏறுவார். போக வரப் பதினெட்டு மைல். இருபத்திரண்டு வருடம். இந்தியாவில், துறையூரில் பாதிரியார் பள்ளியில் நான்கு வகுப்பு படித்தவர். எங்கள் லயத்தின் வரிசை அறைகளில் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். என்னைப் பதுளைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். நான் அங்கே நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறேன். மாதம் ஒரு முறை தோட்டத்துக்கு வருவேன்.

அந்த வருடம் பத்திரிகைகளில் ஒரே பேச்சு. சீமையிலிருந்து ஒரு கமிஷன் வரப்போகிறது, இலங்கையை எப்படி ஆள்வது என்று விசாரிக்கப்போகிறது என்றார்கள். தீவை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன்னைத் தானே ஆளட்டும் என்று மலைநாட்டுச் சிங்களத் தலைவர்கள் சிலர் கேட்டார்கள்.

பசறையில் தபால் பிரிக்கும்வரை அப்பா உட்கார்ந்திருப்பது ஹாஷிம் நானாவின் துணிக்கடையில். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். நானா பத்திரிகையை மடித்து முழம்போடும் மேசையில் வைத்தார்.

"மூணு துண்டாம் மத்தேயு. கரைநாட்டுச் சிங்களவருக்கு ஒண்டு, மலைநாட்டுச் சிங்களவருக்கு ஒண்டு, வடக்கும் கிழக்கும் தமிழருக்கு ஒண்டு."

"அப்ப மடுல்சீமை?"

"மலைநாடு."

"நாங்க மலையிலதானே இருக்கோம். அப்ப சரி."

"நீங்க சரியெண்டு செல்லி என்ன? அவங்க செல்லணுமே. இந்தியாவால வந்த ஆக்களுக்கு இங்க என்ன உரிமையெண்டு கேக்கிறாங்க."

"அப்படின்னா தமிழருக்கு உள்ளதுல போயிட்டாப் போச்சு."

"அது யாழ்ப்பாணத்தார்ட. நீங்க கம்பளியும் கூடையுமாப் போய் நிண்டா, வாங்க மத்தேயு எண்டு பாய் போடுவாங்களா?"

அப்பாவும் சிரித்தார். "நீங்க எந்தத் துண்டுல நானா?"

ஹாஷிம் நானா பத்திரிகையை மறுபடி விரித்து மடித்தார். "பதினஞ்சாம் வருஷக் கலவரத்தில கண்டிப் பக்கம் எங்கட ஆக்கள்ட கடைகள ஒடச்சாங்க. அப்ப நாடு ஒண்டாத்தான் இருந்திச்சு. ஒண்டா இருந்தும் ஒடச்சாங்க. துண்டாக்கினா எங்கள எங்க வைப்பாங்க, யோசிக்கவே பயமா இருக்கு."

தோட்டத்துக்கு ஏறும் வழியில், பாதி ஏற்றத்தில் அப்பா பையை இறக்கி வைத்தார்.

"ஒரே வீடுன்னா எந்த மூலையிலயும் சுருண்டு படுத்துக்கலாம், பிலிப்பு. நடுவுல செவரு வச்சுட்டா, இந்த மூலையில நீ ஏன் படுத்திருக்கன்னு கேப்பாங்கல்ல?"

நான் தொழில் தெரிந்தவனாகப் பேசினேன். எங்கள் கந்தோரில் இரண்டு தோட்டங்களின் எல்லை வழக்கு ஒன்று இருந்தது. எல்லை ஓர் ஓடை. மழையில் ஓடை முப்பது அடி நகர்ந்துவிட்டது. பதினோரு எல்லைக்கல் நட ஒன்பது வருடம் ஆனது. கடைசிப் படத்தை வரைந்தவன் நான். ஒரு தீவைப் பிரித்துக் கோடு போட யாருக்கு ஆயுள் போதும் என்றேன்.

"கல்லு நடத்தான் ஒம்பது வருஷம். ஆள எண்ண ஒரு நாள் போதும்" என்றார். பிறகு, தான் செய்ததைச் சொன்னார்.

1921இல் குடிசனக் கணக்கு எடுத்தபோது, தோட்டத்துக் கிளாக்கர் எங்கள் லயத்துக்கான தாள்களை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். பிறந்த இடம் என்று ஒரு பகுதி இருந்தது. அப்பா வாசல் வாசலாகப் போய்க் கேட்டார். எங்கள் ஆட்களிடம் எந்த ஊர் என்றால், தாத்தா விட்டுவந்த ஊரைத்தான் சொல்வார்கள். அதைக் கண்ணால் கண்டிராத பிள்ளையும் துறையூர் என்னும், முசிறி என்னும். தோட்டத்தில் பிறந்தேன் என்று சொன்னால் நாதியற்றவன் என்று அர்த்தமாகிவிடும் என நினைப்பார்கள். பெண் கொடுக்கவும் மாட்டார்கள். அப்பா அவர்கள் சொன்னபடியே எழுதினார். தெரியாது என்றவர்களுக்கும் மரியாதையாக ஓர் ஊர் எழுதினார். இந்த லயத்திலேயே பிறந்த நாற்பத்தொரு பேர், அவர் கையால், இந்தியாவில் பிறந்தவர்களானார்கள்.

"இப்ப அந்தக் கணக்கத்தான் கமிஷன் தொரைமாரு பாப்பாங்க. நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்."

அவரைத் தேற்ற நினைத்தேன். "அந்தத் தாளெல்லாம் இப்ப இருக்காதுப்பா. கூட்டி முடிச்சதும் எரிச்சிருப்பாங்க. நம்பர் மட்டும்தான் மிச்சம்."

அவர் முகம் மாறியது. "தாளு இருந்தா அடிச்சுத் திருத்தலாம். நம்பர எப்புடிடா திருத்துறது?"



அன்று முதல் அவருக்குத் தூக்கம் போனது. ஒரு வெள்ளைத்தாளில் நாற்பத்தொரு பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் உண்மையில் எந்த லயத்து அறையில், எந்த வருடம், யார் பேறு பார்க்கப் பிறந்தார் என்று சேகரிக்கத் தொடங்கினார். சாட்சிக்கு இருந்த கிழவிகள் வேறு தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள். தபால் நடை முடிந்து அங்கேயும் நடந்தார். முடிந்ததும் பதுளைக் கச்சேரிக் கந்தோரில் அரசாங்க ஏஜெண்டின் கையில் கொடுப்பது என்று திட்டம்.

பக்கத்து அறை நல்லையா கேலி செய்வார். "அண்ணே, அன்னிக்கு எங்களயெல்லாம் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டு, இப்ப நடந்தே கூட்டிட்டு வாறீங்களா?"

"சிரி. பெட்டியக் கட்டுன்னு சொல்லும்போதும் சிரி."

பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. நாற்பத்திரண்டு: பிலிப்பு. அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

நான் நடையில் பிறந்தவன். 1896இல் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்த கூட்டத்தில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். கங்காணி பலமுள்ளவர்களை முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாதம் நிறைந்திருந்த அம்மா அகஸ்டினா, இராக்கம்மா என்ற பெண்ணோடு பின்தங்கினார். பதினோரு நாள் கழித்து மாத்தளையில் அப்பா பார்த்தபோது அம்மாவின் மடியில் நான் இருந்தேன். ஓர் ஆலமரம், பக்கத்தில் தண்ணீர். அம்மா அதற்கு மேல் சொன்னதில்லை. 1918 காய்ச்சலில் இறந்தார். கல்லுமலையில்தான் புதைத்தோம்.

மன்னார்ப் பக்கம் என்றால் நான் தமிழர் பகுதியில் பிறந்தவன். மாத்தளையை நெருங்கிப் பிறந்திருந்தால் மலைநாடு. அப்பா துறையூர்; அம்மாவோ கல்லுமலை மண்ணில். மூன்று பேரையும் மூன்று இடத்தில் வைத்துவிடுவார்கள் என்பதே அவர் பயம். பதுளையில் உன் வேலையும் போகும், அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்றார். நிலத்தை மட்டும்தான் பிரிப்பார்கள், ஆட்களை அல்ல என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் நம்பிக்கை குறைந்தது.

"மாத்தளைன்னு எழுதிப் போடுங்கண்ணே, யாரு பாத்தா?" என்றார் நல்லையா.

"ஒருக்கா அப்புடி எழுதித்தான் இந்தப் பாடு. இனிமே தெரியாதத எழுத மாட்டேன்."

இராக்கம்மா பூனாகலைத் தோட்டத்தில் இருப்பதாக அப்பா கேள்விப்பட்டிருந்தார். எழுபத்தெட்டு வயதாம், ஞாபகம் தெளிவாம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறுநாள் பூனாகலைக்குப் போவது, அங்கிருந்து நேராகப் பதுளைக் கச்சேரி. அதற்காகத்தான் வாரைத் தைக்கச் சொன்னார்.

ஒக்டோபர் கடைசி வாரம் மழை. நனைந்தபடி இரண்டு தோட்டம் ஏறி இறங்கினார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. எனக்குத் தந்தி வந்தபோது பேச்சு நின்றிருந்தது. பட்டியலோடு பை தலைமாட்டில் இருந்தது. அதை எடுத்து அப்பால் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். நவம்பர் ஆறாம் தேதி காலை இறந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். அந்த வருடம் அம்மாவின் கல்லறைக்கு யாரும் வெள்ளையடித்திருக்கவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் நல்லையா என்னை ஓரமாக அழைத்தார். அவருக்குப் பின்னால் லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"தம்பி, அந்தப் பேப்பரு... கச்சேரியில குடுத்துட்டாரா?"

"இல்லண்ணே."

"நம்ம பேரெல்லாம் அதுல இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப நீங்க குடுத்துருங்க தம்பி. கமிஷன் வாறதுக்குள்ள."

கமிஷன் அந்த மாதமே வந்தது. கொழும்பில் விசாரிக்கிறார்கள். பட்டியல் என் மேசையில் இருக்கிறது. நாற்பத்தொரு வரியும் அப்பாவின் கையெழுத்தில், சாட்சிப் பெயரோடு முடிந்திருக்கின்றன. நாற்பத்திரண்டாவதற்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறார், எழுத்து நேராக வர வேண்டுமென்று. காலை ரயிலில் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து பூனாகலைக்கு நடக்க வேண்டும். எந்த ஆலமரம் என்று இராக்கம்மாவைக் கேட்க வேண்டும்.