மரத்துப்போன காலை அமுக்கிப் பார்த்தேன்

1. போன்

போன் வந்தபோது, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் தோளில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைத்துக்கொண்டிருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். வேலை நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. மூன்று தடவை விடாமல் அடித்ததால் எடுத்தேன்.

"மேடம், நான் சண்முகத்தாயோட அக்கா பேசுதேன். இவ ஓடும்போது விழுந்துட்டா மேடம். காலு வளைஞ்சு கெடக்கு. எந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்துதாங்க."

"எந்தக் கால்?"

"வலது காலு. நீங்க பாத்திய பாருங்க, அதே காலுதான்."

அன்றைக்கு அவளுக்குக் காவலர் உடல்தகுதித் தேர்வு. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். முக்கால்வாசி ஓடியிருக்கிறாள். 'படக்'கென்று சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் ஓடியவள் சொன்னாளாம். தலைமையாசிரியர், "என்னம்மா, முகம் இப்படி ஆயிட்டு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு மிச்ச நிமிடங்களையும் ஓட்டி முடித்தேன். அந்தத் தோளில் எங்கே வைத்தேன், எப்படி வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

பிசியோதெரபியில் முப்பது வருடத்தைத் தாண்டியாகிவிட்டது. பாதிக்காலம் அரசு மருத்துவமனை, மீதிக்காலம் தென்காசியில் இரண்டு அறைகள் கொண்ட சொந்த கிளினிக். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் அனுபவத்தை எழுதுங்கள் என்கிறார்கள். படுத்தவரை நடக்க வைத்த கதைகள் என்னிடமும் நாலைந்து உண்டு. அதில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2. ஒரு சாண் வலி

எங்கள் பக்கத்தில் காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். ராணுவத்துக்கு, போலீசுக்கு, சர்க்கரை குறைய, தொப்பை குறைய. பெரும்பாலும் அதுவரை பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர்கள். முதல் மாதத்திலேயே தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவார்கள். அடுத்த மாதம் முன்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று பேர். முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பின் உள்விளிம்பில் வலிக்கும். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஐஸ் வைத்து, கெண்டைக்கால் சதைக்கு வேலை கொடுத்து, நல்ல ஷூ போட்டு, மண் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அநேகமாகச் சரியாகிவிடும்.

இதற்குள் ஒளிந்திருக்கிற எமன் ஒன்று உண்டு. அது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், எலும்பில் விழுகிற மயிரிழை விரிசல். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. விரலால்தான் முதலில் பிடிக்க வேண்டும். விளிம்போடு அமுக்கிக்கொண்டே போகும்போது ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். ஒரு விரல் நுனி படுகிற இடத்தில் மட்டும் உயிர் போனால் எலும்பு. பிறகு ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்ல வேண்டும். விரிசல் இருந்தால் குதிக்க மாட்டார்கள்.

சண்முகத்தாய் முதலில் வந்தபோது ஒரு சாணுக்கு வலித்தது. முப்பத்தாறு வயது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. கணவர் லாரி ஓட்டியவர், இறந்து ஆறு வருடம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். விதவைகளுக்குக் காவலர் தேர்வில் வயதுச் சலுகை உண்டு என்று யாரோ சொல்ல, வேலை முடிந்து வந்து படித்து, எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். உடல்தகுதித் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க லீவு போட்டுவிட்டு இலஞ்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அடுத்த தேர்வு வருவதற்குள் அந்தச் சலுகை வயதும் தாண்டிவிடும்.

"வாழ்க்கையில ஒரே சான்ஸ் மேடம். இத விட்டா சாகுத வரைக்கும் எலுமிச்சங்காதான்" என்றாள்.

"ரெண்டு வாரம் ஓடக் கூடாது. தேர்வுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, கூட்டிப்போட்டுப் பாத்தா சரியா வரும். உங்க கோச்சிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

"அவரே ஓடவேண்டாம்னுட்டாரு. உங்ககிட்ட சீட்டு வாங்கிட்டு வந்தாத்தான் கிரவுண்டுல விடுவாராம்."

கோச் என்றாலே எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. வலிக்க வலிக்க ஓடு என்று சொல்லி என்னிடம் ஆள் அனுப்புகிறவர்கள் என்று நினைப்பு. இவர் பரவாயில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

3. ஐஸுக்குப் பதில்

தினமும் இரண்டு வேளை பதினைந்து நிமிடம் ஐஸ் வைக்கச் சொன்னேன். அக்கா வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை.

"மேடம், இப்ப சீசன்லா. அருவித் தண்ணி ஐஸ் மாதிரிதான் விழுது. அங்கன போயி காலக் காட்டட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குற்றாலத்து அருவியில் நின்றால் எல்லா வலியும் போய்விடும் என்று நம்பாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. எண்ணெய் தேய்த்துவிட்டு, தோளிலும் இடுப்பிலும் தண்ணீர் அடிக்க அடிக்க நிற்பார்கள். நான் சின்ன வயதிலிருந்து நின்றிருக்கிறேன். குளிர்ச்சிதானே, கெடுதல் ஒன்றும் இல்லை என்று பட்டது. "சரி, நில்லு. ஓடமட்டும் செய்யாத" என்றேன்.

எப்படிப் போவாய், எப்போது போவாய் என்று கேட்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. ஓடுகிற பெண் யார் வந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று மாணவிகளுக்கு வகுப்பெடுத்தவள் நான். அன்றைக்கு வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். இதைக் காரணம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

4. ஈரத் தலை

இரண்டு வாரம் கழித்துக் காலையில் நான் கிளினிக் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றாள். அருவியிலிருந்து நேராக பஸ் ஏறி வந்திருந்தாள். தலையில் துண்டு, முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. கட்டில் விரிப்பெல்லாம் நனைந்தது.

"இப்படியா ஈரத்தோட வருவ? ரெக்சின் பாழாப்போகும்" என்று திட்டினேன். அவள் சிரித்தாள்.

காலைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. உள்விளிம்பில் மேலிருந்து கீழாக அமுக்கிக்கொண்டு போனேன். முகத்தைப் பார்த்தேன், சிரித்தபடியே இருந்தாள்.

"வலிக்கா?"

"இல்ல மேடம்."

"இங்கன?"

"கொஞ்சங்கூட இல்ல. சுத்தமாப் போயிட்டு."

குதிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஈரக் காலோடு டைல்ஸில் குதித்தால் வழுக்கிவிடும் என்று விட்டுவிட்டேன். கார்டில் 'அமுக்கினால் வலி இல்லை' என்று எழுதினேன். லெட்டர்பேடில், இவர் ஓட்டப் பயிற்சியைத் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். அவள் குனிந்து என் காலைத் தொட வந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். மனசுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அமுக்கிப் பார்த்தது மரத்துப்போன காலை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐஸ் வைத்த இடத்தில் உணர்ச்சி பார்க்கக் கூடாது என்பது முதல் வருடப் பாடம். ஐஸ் பையை நானே வைத்திருந்தால் நினைவு வந்திருக்கும். அருவி என்பதால் வரவில்லை. அதை நான் மருந்தாக எடுத்துக்கொள்ளச் சொன்னேனே தவிர, எனக்கு அது குளியலாகத்தான் இருந்தது.

மூன்று வாரத்தில் அந்த போன் வந்தது.

5. உங்க சீட்டுதான்

டிபியா இரண்டாக உடைந்து விலகியிருந்தது. உள்ளே ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். எக்ஸ்ரேயை அவளுடைய அக்கா என் போனுக்கு அனுப்பியிருந்தாள். உடைந்த இடத்தைச் சுற்றி எலும்பு கொஞ்சம் தடித்திருந்தது. விரிசல் பல நாளாக இருந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

கோச்சைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. முன்னாள் ராணுவக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், அந்த ரெண்டு வாரமும் நான் அவள ஓரமா உக்கார வச்சிருந்தேன். ஓடலாம்னு நீங்கதான எழுதிக் குடுத்திய? சீல் போட்டிருந்துச்சு. அதப் பாத்துத்தான் ட்ராக்ல விட்டேன்."

போனை வைத்துவிட்டேன்.

6. புளியங்குடி

நாலு மாதம் கழித்துத்தான் அவளைப் பார்க்கப் போகத் துணிச்சல் வந்தது. வீட்டில் தேடினேன், கடையில் இருக்கிறாள் என்றார்கள். மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். குவியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில், வாக்கரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வலது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு காய் பிரித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் வேகமாக ஓடியது. பழம் ஒரு பக்கம், காய் ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்கார் என்றேன்.

"சண்முகத்தாய், அன்னைக்கு நான் சரியாப் பாக்கல. உன் கால் மரத்திருந்துச்சு. அது தெரியாம அமுக்கிட்டு ஓடலாம்னு எழுதிட்டேன். தப்பு என் மேலதான்."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். அவள் காயைக் கீழே வைக்கவில்லை.

"மரத்திருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம்."

"என்ன?"

"வலிச்சா சீட்டு தரமாட்டிய. அதான் குளிச்ச கையோட வந்தேன். மெடிக்கல்ல ரெண்டு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டிருந்தேன். அப்படியும் நீங்க ஒரு எடத்துல அமுக்கும்போது உசுரு போயி உசுரு வந்துச்சு. சிரிச்சிக்கிட்டே இருந்துட்டேன்."

"ரெண்டு வாரமும் ஓடினியா?"

"அருவிக்குப் போறதே ஓட்டமாத்தான் போவேன். இலஞ்சிலருந்து குத்தாலம், மறுபடி இலஞ்சி. நீங்க போகச் சொன்னியன்னு அக்காகிட்ட சொன்னா அவ ஒண்ணும் கேக்கமாட்டா."

எடை குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். அப்போதே மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லையாம். சாப்பாடு குறைந்து விலக்கும் நின்றால் எலும்பு பலம் இழந்துவிடும், உடையாமல் என்ன செய்யும்.

"ஏட்டி, கோட்டிக்காரி! எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று கத்திவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பிய?"

"ஓடாதன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் மேடம் சொல்லல" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் ஒப்புக்கொண்டதால் என் தப்பு குறைந்துவிட்டது என்று நீங்கள் யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு வாய்ப்பு இருக்கிறவள் மறைக்கத்தான் செய்வாள். அது தெரிந்து பார்ப்பதற்குத்தான் எனக்குப் படிப்பும் சீலும் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் தள்ளி, காய்ந்த காலோடு வா என்று சொல்லியிருந்தால், ஒரு விரல் போதும், பிடித்திருப்பேன். அவளுக்கு வேலை கிடைத்திருக்காது. கால் உடையாமல் இருந்திருக்கும்.

7. இப்போது

அன்றைக்குக் கிளம்புகிற நேரத்தில் அவளுடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். மெலிந்த, உயரமான பிள்ளை. பள்ளி மைதானத்தில் தினமும் ஓடுகிறாளாம். அம்மாவுக்குக் கிடைக்காததை மகள் வாங்க வேண்டும்.

"மேடம், வந்தது வந்துட்டிய. இவளுக்கும் முன்காலு லேசா வலிக்கின்னு சொன்னா. ஒரு எட்டு பாருங்க."

மகள் இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளிம்போடு அமுக்கினேன். வலிக்கிறதா என்றேன்.

"இல்ல" என்றாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு.

காலில் இருந்த ஒரு விரலும் அசையவில்லை. அவ்வளவு விறைப்பாக வைத்திருந்தாள். சண்முகத்தாயை எழுப்பி, கடைக்கு வெளியே போய் நிற்கச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனாள். அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, அதே விளிம்பில் மறுபடியும் ஒரு விரலை வைத்து அமுக்கினேன். பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்கி மேடம். அம்மாட்ட சொல்லாதிய."

இப்போதெல்லாம் இப்படித்தான் பார்க்கிறேன். சீட்டு கேட்டு யார் வந்தாலும் கூட வந்தவரை முதலில் வெளியே அனுப்புகிறேன். குளித்துவிட்டு வந்தால், மாத்திரை போட்டிருந்தால், நாளைக்கு வரச் சொல்கிறேன். 'வலி இல்லை' என்ற பதிலை நான் கார்டில் எழுதுவதில்லை. குதித்தாரா, அமுக்கும்போது கால்விரல் சுருங்கியதா, அதை எழுதுகிறேன். இளையவர்களே, உங்கள் கையெழுத்து யாருக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அவர் சொல்வதை நம்பாதீர்கள்.

அன்றைக்குச் சண்முகத்தாயை மறுபடி உள்ளே கூப்பிட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை பிள்ளை ஓடக் கூடாது என்று சொல்லி, பையிலிருந்த லெட்டர்பேடில் எழுதி நீட்டினேன். அவள் அதை ஒரு வரி விடாமல் மெல்ல வாசித்தாள். அவளுக்கு நான் எழுதித் தந்திருக்க வேண்டிய சீட்டு அது. வாசித்து முடித்ததும், வாக்கரை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மகளின் கால்களிலிருந்து ஷூவைக் கழற்றினாள்.