குதிரைக்காரர் ஏற்றிய டிரெய்லர்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பழனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பூம்பாறையில் ஏறிய ஒருவர், மூடி தொலைந்த கிரீஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முன் சீட்டில் அமர்ந்தார். பஸ் முழுக்க நாற்றம். ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் வந்து அந்த மனிதரைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னார். நான் குறுக்கே பாய்ந்து, இருக்கட்டும், பாவம், எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை என்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிற பொம்பளையை வேறு எப்படிப் பார்ப்பார்?

என்ன செய்வது, எனக்கு அது புதுப்பெண் வாசனை. மற்றவர்களுக்குக் கல்யாணம் என்றால் சந்தனம், பன்னீர் ஞாபகம் வரும். எனக்குக் கிரீஸ், ஈர மண்ணோடு கேரட், அப்புறம் குதிரை வியர்வை. மூன்றும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடும்.

நான் பழனி அடிவாரத்துப் பெண். எங்கள் வீட்டில் தேங்காய்க் கடை. படிக்கிற காலத்தில் லீவு விட்டால் தாய்மாமா தோப்புக்கு ஓடிவிடுவேன். அங்கே டிராக்டர் ஓட்டப் பழகினேன். அடக்கமாகத் தையல் படி என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். தையல் இன்றுவரை வரவில்லை. இப்படிப்பட்டவளைத்தான் மன்னவனூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பம். வீட்டில் இரண்டு குதிரைகள், அத்தை, அவருடைய ஒரே மகனான என் வீட்டுக்காரர் ராசு. இந்த வரிசையில்தான் மரியாதை. நான் குதிரைகளுக்கு அப்புறம்.

தோட்டத்தில் விளைந்ததைக் குதிரையின் முதுகில் பொதி ஏற்றி, மண்பாதையில் இறக்கித் தார்ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே ஒட்டன்சத்திரம் லாரி நிற்கும். ஆனால் பொதிக்கு இரண்டு குதிரை போதவில்லை, அதிலே பிழைப்பும் ஓடவில்லை. அதனால் சீசன் வந்தால் இவர் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கொடைக்கானல் ஏரிக்குப் போய்விடுவார், டூரிஸ்ட்டுகளை ஏற்றிச் சுற்றிவர. வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார், அதுவும் துணி துவைக்கப் போடுவதற்கு. கல்யாணமான புதுசு. புருஷன் ஏரியில், நான் அத்தையோடு அடுப்படியில். எனக்கு அழுகையாக வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அழுது கொண்டிருந்தால் ஆகுமா? மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் தன் பழைய டிராக்டரையும் டிரெய்லரையும் ஒரு போகத்துக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். கூடவே காது கருகுகிற அளவுக்குப் புத்திமதியும் கொடுத்தார். நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக்கல் போடு. இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டு. டிரெய்லரை இணைக்கிற ஆணியைச் செருகினால் அதன் பூட்டு வளையத்தை மாட்டு, சங்கிலியையும் போடு. பாரத்தின் மேல் ஆளை ஏற்றாதே. இறக்கத்தில் முதல் கியர். நான் எல்லாவற்றுக்கும் சரி மாமா, சரி மாமா என்றேன்.

வண்டி வந்து சேர்ந்ததும் அத்தை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார், சூடம் காட்டினார். அப்புறம் என்னிடம் வந்தார். "முத பாரம் ஒழுங்கா ரோட்டுக்கு எறங்குனா வண்டி நிக்கட்டும். எறங்கலேன்னா ஒங்க மாமன்கிட்டயே அனுப்பிரு. எம்புள்ள குதிரையப் பத்திட்டு ஏரிக்குப் போகட்டும்." அவ்வளவுதான் பேச்சு. என் குடும்ப வாழ்க்கை ஒரு டிரெய்லரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வெள்ளனே கேரட் பிடுங்கினார்கள். ஓடையில் அலசி மூட்டை கட்டினார்கள். நான் டிரெய்லரை மாட்டப் போனேன். பின்னோக்கி எடுத்து, டிராக்டரின் ஓட்டையும் டிரெய்லரின் முன்கம்பி ஓட்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சேர வேண்டும். இவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டுக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, டிராக்டரின் மட்கார்டைத் தடவிக்கொடுத்து, "வா தாயி, பைய வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் நிற்காவிட்டால் குதிரை மிரளும், அதே பழக்கம். நான் என்ஜினை அணைத்துவிட்டேன். நடுவிலிருந்து வெளியே வந்தால்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தேன். ஊரே பார்க்கிறதே என்று அவருக்கு ரோஷம். கடைசியில் வரப்போரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். முகம் கோணினால் சரியாகிவிடும், விலா நசுங்கினால் சரியாகாது.

மாட்டி, பூட்டி, சங்கிலி போட்டு, கிரீஸ் கையோடு கஞ்சி குடிக்கப் போனேன். அங்கேதான் பிசகியது. திரும்பி வருவதற்குள் அத்தையும் அவரும் கேரட் பிடுங்கும் பெண்களும் சேர்ந்து பாரம் ஏற்றி முடித்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இடமும் வலமும் அச்சுப் பிசகாமல் சமம். நான் ஏறி ஸ்டார்ட் செய்தேன். டிராக்டரின் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. சேறு எகிறி அத்தையின் வெள்ளைச் சேலையில் வரி வரியாக விழுந்தது. கியரை மாற்றினேன், இன்னும் நன்றாகச் சுற்றியது. அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவரைப் பார்த்து, ஏரிக்குப் போகத் துணி எடுத்து வைலே என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்துவிட்டுச் சுற்றி வந்தேன். அப்போதுதான் கவனித்தேன். மூட்டை எல்லாம் பின்பக்கம் குவிந்து கிடந்தது, முன்னால் வெறும் பலகை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு அத்தை என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இறக்கத்தில் பாரம் கழுத்துக்கு வந்தால் குதிரை முழங்கால் மடங்கி விழும், பாரத்தைப் பின்னால் தள்ளித்தான் கட்ட வேண்டும், இதுகூடத் தெரியாதா என்றார். தலைமுறை தலைமுறையாக அந்த இறக்கத்தில் குதிரை இறக்கியவர்கள் சொல்வது, குதிரைக்கு அது வேதவாக்கு. டிரெய்லருக்கு முழங்கால் இல்லையே.

அடிவாரத்தில் எங்கள் கடைக்குத் தேங்காய் வரும் கைவண்டி ஞாபகம் வந்தது. இரண்டே சக்கரம். பின்பக்கம் பாரம் அதிகமானால் முன்னால் பிடித்திருக்கிற ஆளை வண்டி தூக்கிவிடும். நாங்கள் வேண்டுமென்றே அதில் தொங்கி விளையாடி உதை வாங்கியிருக்கிறோம். டிரெய்லருக்கும் இரண்டே சக்கரம், இதுவும் அதே சங்கதிதான். டிரெய்லர் டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது, சக்கரம் மண்ணை அழுத்தவில்லை. இதே நிலையில் இறக்கத்துக்குப் போயிருந்தால் பிரேக்கும் பிடித்திருக்காது. மூட்டைகளை முன்னால் தள்ள வேண்டும் என்றேன். முன்னால் தள்ளினால் என் மகன் செத்தான், தொடவிடமாட்டேன் என்று அத்தை டிரெய்லரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் இருவரும் மல்லுக்கு நிற்கிற நேரத்தில் இவர் ஒரு காரியம் செய்தார். எதுவோ இறுகியிருக்கிறது, கழற்றி மாட்டினால் சரியாகும் என்று, சங்கிலியை எடுத்துவிட்டு ஆணியைக் கல்லால் தட்டி உருவினார். நான் "ஐயோ" என்பதற்குள் முன்கம்பி விசுக்கென்று மேலே எழும்பியது. கம்பியைக் கட்டிப்பிடித்திருந்த இவரும் கூடவே எழும்பினார். டிரெய்லரின் வால் தரையில் மோதியது. எங்கள் வீட்டு ஆண்மகன் அந்தரத்தில் காலை உதறிக்கொண்டு தொங்கினார்.

கேரட் பிடுங்கவந்த பேச்சியக்கா, "ஏ புள்ள, ஒம் புருசன் கொடிமரத்துல ஏறிட்டாக" என்றார். போதாதா? பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை மட்டும், "ஏலே, எறங்குலே" என்று கத்தினார். இவர் மேலிருந்தபடியே, எறங்கினால் பாரம் முழுவதும் போய்விடும் ஆத்தா என்று ரொம்பப் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

வால்பக்கமிருந்து மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஒரு மூட்டை வாய் பிரிந்து கேரட் எல்லாம் சரிவில் உருண்டு ஓடியது. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் இவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தார். அத்தை விழுந்த மூட்டையைப் பார்ப்பார், மகனைப் பார்ப்பார், மறுபடி மூட்டையைப் பார்ப்பார். கடைசியில் பிள்ளையைத் தரையில் பூப்போல இறக்கி வைத்தது வண்டி. கல் கொடுக்காமல் இருந்திருந்தால் வண்டியும் அவரும் ஓடைக்குப் போயிருப்பார்கள். அந்த நினைப்பு எனக்கு அப்புறம்தான் வந்தது. அப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன்.

அத்தை தோற்றேன் என்று சொல்கிற ஆள் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லர் மேல் ஏறினார். இது வேற சாதிக் குதிரை போலருக்கு என்று முணுமுணுத்தார், அவ்வளவுதான். என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி, அதை இங்கே வை, இதை அங்கே தள்ளு என்று எங்களை விரட்ட ஆரம்பித்தார். முன்கம்பி எழும்பக் கூடாது, அதற்காக டிராக்டரையும் ஒரேயடியாக அழுத்தக் கூடாது. பாரம் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால் போதும். சொன்னேனோ இல்லையோ, அத்தை கை அதை அப்படியே செய்தது. பக்கப் பலகைக்கு மேல் ஒரு மூட்டைகூட எழும்பவில்லை. கயிறும் அவரே போட்டார்.

எல்லாம் முடிந்ததும் பெண்கள் ஜாலியாகப் பாரத்தின் மேல் ஏறப் பார்த்தார்கள். நான் கூடாது என்றேன். வந்த கையோடு அதிகாரமா என்று பேச்சியக்காவுக்குக் கோபம். அத்தைதான் தீர்த்து வைத்தார். "கேரட்டு விழுந்தாப் பெறக்கிக்கலாம். ஒங்கள யாரு பெறக்குறது? நடங்க எல்லாரும்."

இவர் நடப்பதோடு விடவில்லை. குதிரை இறக்கும்போது முன்னால் ஆள் போக வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்றார். அந்த மட்டில் சரி, ஆனால் டிராக்டருக்கு ஒட்டி நடக்கக் கூடாது, அடுத்த வளைவில் போய் ஓரமாக மேட்டில் நின்று பாதை சொன்னால் போதும் என்று ஒப்பந்தம் போட்டேன். முதல் கியரில் வண்டி ஊர்ந்தது. கிளட்சில் கால் வைக்கவில்லை. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உயிர்தான் மிச்சமிருக்காது. என்ஜின் இழுத்துப் பிடித்து முனகிக்கொண்டே இறங்கியது. பின்னால் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு வந்தார்கள். அத்தை ஒரு முட்டுக்கல்லை இடுப்பில் பிள்ளையைப்போல் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஒவ்வொரு வளைவிலும் இவர் மேட்டில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பார்ப்பேன். வா என்று கை காட்டுவார். நீங்கள் நினைத்துப் பாருங்கள், அந்த வீட்டில் அத்தை எதிரே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. சோறு போடும்போது கையைத்தான் பார்ப்பேன். இங்கே ஊர் முழுக்க நிற்கிறது, மாமியார் கல்லோடு வருகிறார், நான் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன். பார்க்காவிட்டால்தான் தப்பு. ஒரு வளைவில் கண் அடித்தார். எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது, கிரீஸ் கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தார்ரோட்டில் லாரி டிரைவர் கயிறு கட்டிக் கிளம்பத் தயாராக நின்றிருந்தார். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்ததும் அவிழ்த்தார். மூட்டை எல்லாம் ஏறி முடிந்தது. அத்தை கல்லைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமல் மகனிடம் சொன்னார்: "நாளைக்கு ஏரிக்குப் போவ வேண்டாம். ரெண்டாம் பாரத்துக்கு நீதான் முன்னால நடக்கணும்." நான் டிரெய்லருக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குதித்தேன். பேச்சியக்கா பார்த்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இவர் ஏரிக்குப் போகவே இல்லை. எத்தனையோ போகம் அப்படி இறங்கினோம். இப்போது அத்தை இல்லை. குதிரைகள் வயதாகிப் போய்ச் சேர்ந்தன. பேச்சியக்கா மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். லாரி தோட்டத்து வாசலுக்கே வந்து நிற்கிறது. டிரெய்லர் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போவதில்லை.

மண்பாதையின் வளைவுகளை எல்லாம் வெட்டி எடுத்து நேராகத் தார் போட்டுவிட்டார்கள். ரோலர் ஓடிய அன்றைக்கு ஊருக்கே கொண்டாட்டம், நானும்தான் கேசரி கிண்டினேன். இவர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேராப் போயிருச்சே புள்ள. இனி எங்க நின்னு ஒன்னத் திரும்பிப் பாக்க?" என்றார். ரோலர் சத்தத்தில் கேட்காதவள்போல நின்றேன், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.