சிஸ்டருக்கு ஜெர்மன்

கொண்டாப்பூரில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே நர்ஸுகளுக்கு ஆன்லைனில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். மொழிபெயர்த்துச் சொன்னால் வார்த்தை மனசில் தங்காது என்பது என் கட்சி. அதனால் இணையத்தில் படங்களைத் தேடி எடுத்துத் திரையில் போடுவேன். பார்த்ததை ஜெர்மனில்தான் சொல்ல வேண்டும். இந்தப் படங்களிலும் தொல்லை உண்டு. நோயாளி என்று தேடினால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஆட்கள்தான் வருவார்கள். அது எந்த ஊர் ஆஸ்பத்திரியோ தெரியவில்லை.

மல்காஜ்கிரியிலிருந்து ஒரு சிஸ்டர் படித்தாள். ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், என் வயதுதான். பேச்சுத் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்வார்கள். ஏற்கெனவே ஒருமுறை அதில் வாயடைத்துப்போய்த் தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் ஜெர்மனியில் அவளுக்கென்று வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். ஜெயித்தால் நாலு வயது மகளைக் கணவரிடமும் நாத்தனாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டில் எதற்கு அவள் அதிகம் பயந்தாள் என்று நான் கேட்டதில்லை. அது என் பாடத்தில் வராது.

அந்த மகள் சரியான முந்திரிக்கொட்டை. வகுப்பு தொடங்கியதும் அம்மா மடியில் ஏறிக்கொள்ளும். ரொட்டி, நாற்காலி, ஜன்னல் என்று எந்தப் படம் வந்தாலும் அம்மாவுக்கு முன்னால் ஜெர்மனில் கத்தும். அக்கம்பக்கமெல்லாம் தெலுங்கு என்பதால் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை, ஜெர்மனில் கேட்டால் ஜெர்மனிலேயே சொன்னது. "நக்கோ, வேணாம், சும்மா இரு" என்று சிஸ்டர் வாயைப் பொத்துவாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் என் வகுப்பிலேயே கெட்டிக்கார மாணவி அதுதான்.

தேர்வுக்கு முந்தைய வகுப்பில் பயணம் பற்றிய படங்களைப் போட்டேன். ஒன்றில் வாசலில் பெட்டியோடு ஒரு பெண் நின்றாள், அவள் பின்னால் ஒரு குழந்தை. வேண்டுமென்று எடுத்ததல்ல, தேடியபோது வந்தது. சிஸ்டர் பேசவில்லை. தேர்வில் யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள் என்பதால் நானும் பேசாமல் இருந்தேன்.

பிள்ளை அண்ணாந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சுக்குச் சொல்வதுபோல மெதுவாக, "டி முட்டர் ஃபேர்ட் வெக்" என்றது. அம்மா புறப்பட்டுப் போகிறாள். போன வாரம் அப்பா ஊருக்குப் போகிற படத்துக்குச் சொன்ன வாக்கியத்தில் அப்பாவை எடுத்துவிட்டு அம்மாவைப் போட்டிருந்தது.



"செப்பம்மா, ஈஸியே கதா" என்றது பிள்ளை. சொல்லும்மா, சுலபம்தானே.

சிஸ்டர் அதன் உச்சந்தலையில் தாடையை வைத்துக்கொண்டு வாக்கியத்தை முழுதாகச் சொன்னாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. சரியான பதில் என்றேன். தனக்குத்தான் சொன்னேன் என்று நினைத்துப் பிள்ளை கை தட்டியது.